பதினோராம் பக்கத்திலேயே சொல்லியிருந்தேன்

நான் எழுதினால் கொஞ்சம் நீண்டுவிடும். இதை முதலிலேயே சொல்லிவிடுவது மரியாதை. ஆய்வாளர் நாலு தாள் கொடுத்து, "சுருக்கமா எழுதுங்க சார். கடைசியில 'நான்தான் செஞ்சேன்'னு ஒரு வரி இருந்தா போதும், கீழ கையெழுத்து" என்றார். நல்ல மனிதர்தான். ஆனால் அவரும் கடைசிப் பக்கத்துக்கு நேரே தாவுகிற ரகம் என்று அப்போதே புரிந்துவிட்டது. அதனால் அந்த வரியைக் கடைசியில் வைக்கவில்லை. நடுவில் வைத்திருக்கிறேன். படித்துக்கொண்டே வந்தால் கிடைக்கும். தாள் போதாமல் போய், காவலரிடம் இன்னும் பத்து கேட்டு வாங்கியிருக்கிறேன்.

என் தொழில் படக்கதை எழுதுவது. மாதம் ஒரு முறை வரும் காமிக்ஸ் பத்திரிகை ஒன்றில் 'நீலத்தொப்பி' என்ற துப்பறியும் தொடரைப் பதினெட்டு வருடமாக எழுதிவந்தேன். மாதம் எட்டுப் பக்கம். படம் வரைந்தது என் தங்கையின் கணவர். நான் அவரை மாப்பிள்ளை என்பேன், அவர் என்னை மச்சான் என்பார். நான் கட்டம் கட்டமாக எழுதிக் கொடுப்பேன். ஒவ்வொரு கட்டத்துக்கும் முதல் வரியில் இடமும் ஆட்களும் இருக்கும். அதற்குக் கீழே யார் என்ன செய்கிறார்கள், வாயருகே வரும் பேச்சுப் பலூனில் என்ன பேசுகிறார்கள் என்பது வரும். மாப்பிள்ளை அதை வைத்து வரைவார். பிறகு எழுத்து எழுதுகிறவர் என் வசனத்தைப் பலூன்களுக்குள் எழுதுவார்.

என் பலூன்கள் சற்றுப் பெரியவை. அதை நான் மறுக்கவில்லை. நீலத்தொப்பி ஒரு கதவைத் திறப்பதற்கு முன்னால் பொதுவாகக் கதவுகளைப் பற்றிக் கொஞ்சம் யோசிப்பார். அது அவர் குணம். திருடன் மாடியிலிருந்து குதித்தாலும் சொல்லவேண்டியதை முழுதாகச் சொல்லிவிட்டுத்தான் தரையைத் தொடுவான். நான் அதை ஆழம் என்று நினைத்தேன். வாசகர்கள் வேறு மாதிரி நினைத்தார்கள்.

பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் ஒரு கூப்பன் உண்டு. படித்த தொடருக்கு வட்டம் போடவேண்டும், படிக்காமல் தாண்டியதற்குக் குறுக்குக்கோடு. எனக்குப் பதினெட்டு வருடமும் கோடுதான். 'படம் பார்த்தோம், படிக்கவில்லை' என்று ஓரத்தில் விளக்கம் வேறு எழுதுவார்கள். நீலத்தொப்பி பேச ஆரம்பித்தால் போய்க் குளித்துவிட்டு வருவதாக ஒருவர் எழுதியிருந்தார். பிள்ளைகள் சேட்டை செய்தால் என் தொடரைச் சத்தமாக வாசிக்கச் சொல்லித் தண்டிப்பதாக ஒரு தாயார் எழுதியிருந்தார். புத்தகம் வாடகைக்குக் கொடுக்கும் கடைக்காரம்மா ஒருவர், வாடிக்கையாளர்களின் வசதிக்காக என் எட்டுப் பக்கங்களையும் சேர்த்து ஸ்டேப்ளர் அடித்தே கொடுத்தார். படம் போகிறதே என்று அவர்கள் சண்டைக்கு வந்த பிறகுதான் ஊசியைப் பிரித்தார். நான் இவர்கள் யாரையும் ஒன்றும் செய்யவில்லை. என் நிதானத்துக்கு இது ஒரு சான்று.

மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்கிறேன். கெட்டிக்காரர், சாது, யார் வம்புக்கும் போகமாட்டார். ஒரே குறை, நான் எழுதிக் கொடுப்பதில் ஒவ்வொரு கட்டத்துக்கும் முதல் வரியை மட்டும்தான் படிப்பார். ஒருமுறை முதல் வரியில் 'வரவேற்பறை, மழைச் சத்தம்' என்று எழுதி, உண்மையில் அது பக்கத்து வீட்டில் திறந்து கிடக்கும் குழாய் என்பதைக் கீழே விளக்கியிருந்தேன். மாப்பிள்ளை வரவேற்பறைக்குள் மழை பெய்வதாக வரைந்துவிட்டார். நீலத்தொப்பி சோபாவில் குடை பிடித்து உட்கார்ந்திருக்கிறார். குழாயைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசுகிறார்.

"முதல் வரியில மழைன்னுதானே இருந்துச்சு, மச்சான்?" என்றார்.

"அதுக்குக் கீழ ஒன்பது வரி இருந்துச்சே, மாப்பிள்ளை."

"அட, அதுவும் எனக்கா? அது எழுத்து எழுதறவருக்குன்னு நினைச்சேன்."

அந்தக் குடைக்கு எழுபது பாராட்டுக் கடிதங்கள் வந்தன. நான் சிரித்துக்கொண்டேன். அவருக்குத்தான் என் தங்கையைக் கொடுத்திருக்கிறோம், வேறென்ன செய்வது?

இப்படியே காலம் ஓடியிருக்கும். கெடுத்தது ஒரு சாப்பாட்டு டப்பா. எங்கள் அச்சுக்கூடத்தில் படத்துக்கு ஒரு பிலிம், எழுத்துக்கு ஒரு பிலிம். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துத்தான் அச்சுக்குத் தயார் செய்வார்கள். அந்த மாதம் அச்சுக்காரர் என் எழுத்து பிலிமைத் தன் சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் விரித்துச் சாப்பிட்டுவிட்டு, அப்படியே மறந்துவிட்டார். நீலத்தொப்பி எட்டுப் பக்கமும் வாயைத் திறந்து திறந்து மூடுகிறார், பலூன்கள் வெள்ளை வெளேரென்று காலியாக இருக்கின்றன. நாற்பதாயிரம் பிரதிகள் அப்படியே கடைக்குப் போய்விட்டன.

புகார் மலைபோல் குவியும் என்று ஆசிரியர் தலையில் கை வைத்து உட்கார்ந்தார். ஒரே வாரத்தில் ஒரு பிரதிகூட மிச்சமில்லை. வாசகர்கள் காலிப் பலூன்களில் தாங்களே வசனம் எழுதி அனுப்ப ஆரம்பித்தார்கள். மூட்டை மூட்டையாக வந்தது. கூப்பன்களில் முதல் தடவையாக நீலத்தொப்பிக்கு வட்டம். ஒரு வாசகர் எழுதிய பக்கத்தில் நீலத்தொப்பி கதவைத் திறக்கிறார், உள்ளே பிணம் கிடக்கிறது, அவர் "அடப்பாவமே" என்கிறார். அவ்வளவுதான். ஆசிரியர் அதைப் படித்து வயிறு குலுங்கச் சிரித்தார். அந்தக் கதவுக்கு நான் பதினோரு வரி எழுதியிருந்தேன். அவர் சிரித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றேன்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார்" என்றார் ஆசிரியர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "மூணு இதழ் எழுதி, ஓடற கதையை முடிச்சுடுங்க. அப்புறம் பலூனைக் காலியாவே விட்டுடலாம்னு இருக்கேன். வாசகர்களே எழுதட்டும். உங்களுக்கும் ஓய்வு."

நான் தலையாட்டிவிட்டு வந்தேன். எனக்கு மனைவி, மக்கள் கிடையாது. இரவுச் சாப்பாடு தங்கை வீட்டில்தான். அன்று பரிமாறிக்கொண்டே தங்கை சொன்னாள்: "அண்ணே, ஆசிரியர் இவரைக் கூப்பிட்டு, உங்க மச்சான் எழுத்து இல்லாம ஒப்பேத்த முடியுமான்னு கேட்டாராம். இவரு என்ன சொன்னாரு தெரியுமா? 'இத்தனை வருஷமா பாதி வானம்தான் வரைஞ்சேன், மீதியை மச்சானோட பலூன் அடைச்சுக்கிச்சு. இனிமே முழு வானம் வரையலாம்'னாராம்." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

"சும்மா விளையாட்டுக்குச் சொன்னது, மச்சான். நீங்க சாப்பிடுங்க" என்றார் மாப்பிள்ளை. அவர் காது சிவந்திருந்தது.

நான் சாப்பிட்டேன். இரண்டாம் தடவையும் போட்டுக்கொண்டேன். ஆனால் எனக்கு வலித்தது. முன்பின் தெரியாதவர்கள் தாண்டிப் போனால் பொறுத்துக்கொள்ளலாம். எட்டுக்கு எட்டு அறையில் ஒரே மேஜையின் இரண்டு பக்கமும் பதினெட்டு வருடம் உட்கார்ந்தவர் என்னை வானத்தை மறைக்கிற பொருளாகப் பார்த்திருக்கிறார் என்பது தாங்கமுடியாததாக இருந்தது. அந்த வாரமே ஒரு முடிவுக்கு வந்தேன். பதற்றம் ஒன்றும் இல்லை. கதைக்கு முடிவு தோன்றினால் மனம் லேசாகுமே, அப்படித்தான் இருந்தது.

எங்கள் அலுவலகம் மூன்றாம் மாடியில். தரைத்தளத்தில் அச்சுக்கூடம். இரண்டுக்கும் நடுவே ஒரு பழைய சரக்கு லிப்ட். மேல் மாடியில் அதைப் பயன்படுத்துகிற ஒரே ஆள் மாப்பிள்ளை. வியாழக்கிழமைதோறும் பகல் பன்னிரண்டு மணிக்கு, மை முழுதாகக் காயாத பக்கங்களைப் பெரிய பலகையில் பரப்பி, இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேரே தட்டுபோல் ஏந்திக்கொண்டு கீழே போவார். நேராக நுழைந்தால் பலகை உள் சுவரில் இடித்து மை கலைந்துவிடும். அதனால் பின்பக்கமாக நடந்து நுழைவார், பார்வையைப் பக்கத்தின் மேலேயே வைத்துக்கொண்டு. லிப்ட் வந்து நின்றால் மட்டுமே கதவு திறக்கும்படி அதில் ஒரு கொக்கி உண்டு. கொக்கியைக் கழற்றிவிட்டால் லிப்ட் இல்லாவிட்டாலும் கதவு திறக்கும். நான் சொல்லவருவது உங்களுக்கே புரிந்திருக்கும்.

இங்கேதான் என்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை எழுதிக்கொள்ள அனுமதிக்கவேண்டும். நான் எதையும் ஒளிக்கவில்லை. ஆசிரியர் கொடுத்த மூன்று இதழ்களில் இரண்டாவதில், என் எட்டுப் பக்கம் முடிகிற பதினோராம் பக்கத்தில், எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். லிப்டின் அருகே இரண்டு பேர் நிற்கிறார்கள். வில்லன் பேசுகிறான்: 'வியாழக்கிழமை பகல் பன்னிரண்டு மணி. மூன்றாம் மாடி. இந்த ஓவியன் வழக்கம்போல் பலகையைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக நடந்து லிப்டுக்குள் போவான். லிப்ட் அங்கே இருக்காது. கொக்கியை நான் கழற்றியிருப்பேன். இவன் என் தங்கையின் கணவன். பதினெட்டு வருடமாக நான் எழுதியதை இவன் படித்ததில்லை. இதைப் படித்தால் பிழைத்துக்கொள்வான்.' ஆறு பலூன்கள். கடைசியில் 'தொடரும்'.

இதைவிட நேர்மையாக ஒருவன் நடந்துகொள்ள முடியுமா? ஒரே ஒருவர் படித்துவிட்டு என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாலும் எல்லாவற்றையும் விட்டுவிடுவது என்று எனக்கு நானே சத்தியம் செய்துகொண்டேன்.

மாப்பிள்ளை முதல் வரியைப் படித்தார். 'லிப்ட் அருகே இருவர்.' இரண்டு பேர் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பதுபோல் அழகாக வரைந்தார். ஒருவர் கையில் டீ கிளாஸ்கூட இருந்தது. எழுத்து எழுதுகிறவர் என் வசனத்தை ஓர் எழுத்து விடாமல் பலூன்களில் எழுதினார். "நல்லா வந்திருக்கா?" என்று கேட்டேன். "எழுதறதைப் படிக்க ஆரம்பிச்சா கை நின்னுடும் சார்" என்றார். பிழை திருத்துகிறவர் பக்கத்தைப் பார்த்த மாத்திரத்தில் டிக் போட்டார். "உங்க பக்கம்னா கண்ணை மூடிக்கிட்டே போடலாம்" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். ஆசிரியர் பக்க எண்ணை மட்டும் சரிபார்த்தார்.

இதழ் வந்த அன்று தங்கை வீட்டுக்கு ஒரு பிரதி எடுத்துப் போனேன். பதினோராம் பக்கத்தைத் திறந்து அவள் கையிலேயே கொடுத்தேன். "படிச்சுப் பாரேன்" என்றேன். இதற்கு மேல் ஓர் அண்ணன் என்ன செய்யமுடியும்?

"எனக்கு எங்கண்ணே நேரம்?" என்றாள். ஆனாலும் பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "இந்தக் கோடு போட்ட சட்டை இவரோடது. என்னங்க, உங்களையே வரைஞ்சுக்கிட்டீங்களா?"

"வேற மாடல் கிடைக்கலை" என்றார் உள்ளேயிருந்து மாப்பிள்ளை.

அவள் புத்தகத்தை மடித்து அலமாரியில் மற்றவற்றோடு வைத்துவிட்டாள். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

மூன்று வாரம் காத்திருந்தேன். நாற்பதாயிரம் பிரதிகள். தினமும் தபால் வந்ததும் முதலில் போய்ப் பிரிப்பவன் நான்தான். குறுக்குக்கோடு, குறுக்குக்கோடு, குறுக்குக்கோடு. 'டீ கிளாஸ் பிரமாதம்' என்று ஒரு கடிதம். 'காலிப் பலூன் எப்போது வரும்?' என்று நூற்றுக்கணக்கில். ஓர் ஊரே சேர்ந்துகொண்டு ஒரு மனிதனைக் காப்பாற்ற மறுத்தது. கோபமாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

ஆய்வாளர் தேடுகிற வரி இந்தப் பத்தியில் இருக்கிறது, தாண்டவேண்டாம். நாலாவது வாரம் செவ்வாய்க்கிழமை கொக்கியைக் கழற்றினேன். திருகாணி நாலு. சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். மனசு மாறினால் மாட்டிவிடலாம் என்றுதான். வியாழக்கிழமை லிப்டைத் தரைத்தளத்திலேயே நிறுத்திவைத்தேன். மாப்பிள்ளை பலகையோடு வந்தார். அவருக்கு இரண்டு கையும் நிறைந்திருந்ததால் கதவை நான் திறந்து பிடித்துக்கொண்டேன். "நன்றி, மச்சான்" என்று சொல்லித் திரும்பி, பின்பக்கமாக ஓர் அடி வைத்தார். அவ்வளவுதான். நான்தான் செய்தேன். பக்கங்கள் அவருக்குப் பிறகு ஒவ்வொன்றாக, மெதுவாக இறங்கின. ஒன்று மட்டும் கதவுக்கம்பியில் சிக்கிக்கொண்டது. முழுப்பக்கம் வானம் வரைந்திருந்தார். பலூனுக்கு இடமே விடவில்லை.

'பழைய லிப்ட், விபத்து' என்று எழுதி மூடிவிட்டார்கள். கொக்கி துருப்பிடித்துக் கழன்று விழுந்ததாக முடிவு செய்தார்கள். அடுத்த இதழை மாப்பிள்ளைக்கு அஞ்சலி இதழாக ஆக்கினார் ஆசிரியர். அவர் வரைந்த படங்களைப் பெரிது பெரிதாகப் போட்டார். என் கதையின் கடைசி எட்டுப் பக்கம் வரவேயில்லை. தங்கை அழுது அழுது இளைத்துப்போனாள். "நீயாவது இருக்கியேண்ணே" என்று சொல்லி, நான் இங்கே வந்து உட்காரும்வரை எனக்குச் சோறு போட்டாள். அவள் அழுவதைப் பார்க்கும்போது என் மனம் பட்ட பாடு சொல்லி முடியாது. எனக்கும் அவர் ஒருவர்தானே மாப்பிள்ளை.

நீங்களாகக் கண்டுபிடிப்பீர்கள் என்று ஒரு மாதம் பொறுத்தேன். எல்லாமே அச்சில் இருந்தது, ஆதாரத்தைக் கடையில் போய் வாங்கலாம். ஒருவரும் வரவில்லை. நானே பதினோராம் பக்கத்தை எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்கு வந்தேன். முதல் தடவை எழுத்தர் புத்தகத்தை வாங்கிக் கடைசியிலிருக்கும் நகைச்சுவைத் துணுக்குகளைப் படித்துச் சிரித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். இரண்டாம் தடவை ஒரு காவலர் சரியாகப் பதினோராம் பக்கத்தையே பார்த்தார். "படம் அம்சமா இருக்கே, யாரு வரைஞ்சது?" என்றார். "செத்துப்போனவர்" என்றேன். "பாவம்" என்று மூடிவிட்டார். மூன்றாம் தடவை ஆய்வாளரிடம் நானே உட்கார்ந்து சத்தமாக வாசித்துக் காட்டினேன். மூன்றாவது பலூனில் அவர் டீயைக் கீழே வைத்தார். நாலாவதில் கதவைச் சாத்தச் சொன்னார். அந்த நிமிடம் நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்பதை எழுதக்கூடாது என்று நினைத்தேன். எழுதிவிட்டேன்.

நேற்று அவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "ஒருத்தர், ஒரே ஒருத்தர் படிச்சிருந்தா நிஜமாவே விட்டிருப்பீங்களா?" கண்டிப்பாக என்றேன். அதை அவர் எழுதிக்கொண்டார். ராத்திரி யோசித்துப் பார்த்தேன். சத்தியத்தைப் பற்றிச் சொல்லும்போது பூசி மெழுகக் கூடாது. அதனால் இந்தத் தாள்களோடு ஓர் அஞ்சல் அட்டையையும் இணைத்திருக்கிறேன்.

அது அந்தப் புதன்கிழமை மதியம், கொக்கியைக் கழற்றிய மறுநாள் வந்தது. கண்ணாடிக் கடையில் படங்களுக்குச் சட்டம் போடுகிற ஒரு பெண் எழுதியது. கூப்பன் இல்லை, வட்டம் இல்லை, வெறும் அட்டை. எழுத்து குண்டு குண்டாக இருக்கும். 'ஐயா, நான் படம் பார்ப்பதற்கு முன்னால் பலூனைத்தான் படிப்பேன். உங்கள் தொடரை ஒரு வரிகூட விட்டதில்லை. பதினோராம் பக்கம் படித்ததிலிருந்து வேலை ஓடவில்லை. அந்த ஓவியர் லிப்டில் கால் வைத்தாரா, இல்லையா? பாவம், வைக்கக்கூடாது என்று இருக்கிறது. ஆனால் வைத்தால்தான் கதை. அடுத்து என்ன ஆயிற்று என்று சீக்கிரம் சொல்லுங்கள்.'

நான் அதை நின்றபடியே நாலு தடவை படித்தேன். திருகாணிகள் சட்டைப்பையில்தான் இருந்தன. அட்டையையும் அதே பையில் வைத்துக்கொண்டேன். பதினெட்டு வருடத்தில் அடுத்து என்ன என்று என்னிடம் யாரும் கேட்டதில்லை. இந்த வாக்குமூலத்தின் நகல் ஒன்றை அந்த முகவரிக்கு அனுப்பிவிடுங்கள். அவருக்கு இன்னும் முடிவு போய்ச் சேரவில்லை.

இன்னொன்றையும் விட்டுவிட்டேன். அந்த வியாழக்கிழமை மாப்பிள்ளை கீழே போவதாகவே இல்லை. கடைசிக் கட்டம் பாக்கி, நாளைக்குக் கொண்டுபோய்க் கொள்ளலாம் மச்சான் என்று சொல்லி, தூரிகையைக் கழுவ எழுந்துவிட்டார். நான்தான் பலகையை எடுத்து அவர் கையில் கொடுத்து, "ஒருத்தங்க காத்துக்கிட்டிருக்காங்க, வாங்க மாப்பிள்ளை" என்று கூப்பிட்டுக்கொண்டு போனேன்.